மூர்க்க நாயனார் திருவமுதும் பொதுக்கொடையும்

தொண்டைநாட்டுத் திருப்பதிகளுள் திருவேற்காடு ஒன்று. திருஞானசம்பந்தப் பிள்ளையார் அருளிய பதிகம் முதற்றிருமுறையுள் இதற்கு உண்டு. வேதபுரீசர் என்னுந் திருநாமத்தோடு இறைவன் எழுந்தருளியிருக்கும் இத்தலம், இக்காலத்துச் சென்னை மாநகரின் மேற்புறத்தே, பூவிருந்தவல்லி, அம்பத்தூர், ஆவடி என்னும் ஊர்களை அடுத்துக் கூவம் ஆற்றின் அருகே விளங்குகின்றது. இவ்வூரிலுள்ள தேவி கருமாரியம்மன் திருக்கோயிலுக்குத் திரள் திரளாக வரும் மக்களுள் வேதபுரீசர் திருமுன்பு செல்வோர் சிலரே; அங்குள்ள மூர்க்க நாயனார் திருவுருவின்முன் சற்றே நின்று அவர் யாவர், என்செய்தார் என்று வினவுவோர் அவரினுஞ் சிலர். ஆயினும் அடியார்க்கு அமுதளித்தல் என்னும் அறத்தின் இயல்பு பற்றியும், அது தளர்வதும் நிலைபெறுவதும் எவ்வாற்றான் என்பது பற்றியும் ஆராயப் புகுவார்க்கு, அந்நாயனார் வரலாற்றினுஞ் சிறந்த தொடக்கம் பிறிதில்லை.

சேக்கிழார் பெருமான் இவ்வூரைப் பாலியாற்றின் வடபாலது என்பர். இக்காலத்துப் பாலாறு இங்கிருந்து மிகத் தெற்கே ஓடுகின்றது. பண்டை நாளில் அது வடகிழக்கு நோக்கி ஓடிற்றென்று நிலநூலார் கூறுவதனை இதனோடு வைத்து நோக்குக. அன்றியும் சேக்கிழார் இவ்வூர்க்கு அணித்தாகிய குன்றத்தூரிற் பிறந்தவர். தம் ஊரையடுத்த ஆற்றின் பெயரை அவர் அறியாது கூறினார் என்றல் பொருந்தாது. இது நிற்க.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் இந்நாயனாரைப் பெயர் மாத்திரையாற் குறித்து வணங்கினார். நம்பியாண்டார் நம்பிகள் சூதினாற் பொருள்கொண்டு அடியார்க்கு அளித்த செய்தியைத் தம் அந்தாதியிற் சேர்த்தார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனைச் சில திருப்பாடல்களில் விரித்தருளினார். அவர் கூறும் வரலாறு வருமாறு. நாயனார் வேளாண் குலத்தினர். நாடோறும் அடியார்களுக்கு முன்னர் அமுதூட்டிப் பின்னரே தாம் உண்பவர். அடியார் வருகை நாளுக்குநாள் பெருகிற்று. பெருகவே, வீட்டிலிருந்த பொருள் குறைந்தது. அடிமைகளையும் நிலங்களையும் விற்றுச் செலவிட்டார். விற்றற்குரியன யாவும் ஒழிந்தபின், தாம் முன்னே கற்றிருந்த சூதாட்டமொன்றே எஞ்சிய முதலாக நின்றது. அதனைக்கொண்டு பொருளீட்ட எண்ணினார். தம்மூரில் அவரோடு பொருவார் இல்லை. ஆகவே ஊரை விட்டுப் புறப்பட்டுப் பல தலங்களை வணங்கிக்கொண்டே சென்று குடந்தையை அடைந்தார். அங்கே முதலாட்டம் தோற்றுப் பின்னாட்டங்களில் வென்று, தோற்றும் பொருள் கொடாது மறுத்தாரைச் சுரிகையாற் குத்துவார். அதனால் நற்சூதர் என்றும் மூர்க்கர் என்றும் பெயர்பெற்றார். வென்ற பொருளைத் தம் கையால் தீண்டுவதில்லை. திருவமுது ஆக்குவோரே அதனை எடுத்துக்கொண்டு வேண்டுவன செய்வர். அடியார் அனைவரும் உண்டபின் கடைப்பந்தியிலே தாம் அமர்ந்து உண்பார்.

இவ்வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் சூதினைக்கண்டு திடுக்கிட்டு அங்கேயே நின்றுவிடுகின்றனர். சூதின் கேட்டினைத் திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தாற் கடிந்தமை சேக்கிழார்க்குத் தெரியாததன்று. நாம் நோக்கற்பாலது வேறொன்று. நிலத்தை விற்கும் வரையில் நாயனார் பக்கலில் ஒருவரும் வந்து நின்றிலர். அடியார் வந்தனர், உண்டனர், சென்றனர். மீண்டும் மிகுதியாக வந்தனர். அயல்வீட்டார் ஒருபடி நெல் அளந்ததாகவோ, ஊரார் கூடி ஒருநாட் செலவினை ஏற்றதாகவோ புராணத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஊரார் அவர்க்குச் செய்ததாகப் புராணம் கூறுவது ஒன்றே: அவரோடு சூதாடாது விலகினமை. ஒருவர் கையாலேயே நடைபெற்ற அறம் அவர் கைப்பொருள் தீர்ந்தவிடத்துத் தீரவேண்டும். தீரவிடாத அன்பு அவரிடத்து இருந்தமையால், உலகோர் பழிக்குந் தொழிலையும் அவர் மேற்கொள்ள நேர்ந்தது. இது சேக்கிழார் வெளிப்படையாகக் கூறிய கருத்தன்று. அவர் கூறிய நிகழ்ச்சிகளின் முறைவைப்பிலிருந்து யான் கொண்டதே. மறுப்போர் மறுக்கலாம்.

இனி, சூதினால் வந்த பொருள் எவ்வாறு திருவமுதாயிற்று என்னும் வினாவிற்குச் சித்தாந்த நூலார் விடை சிவஞானசித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரப் பகுதியில் உளது. அரன்பால் அன்புடையார் செய்வது தீவினைபோலத் தோன்றினும் அறமாய் முடியும் என்றும், அன்பிலார் செய்யும் நல்வினையும் தீதாய் முடியும் என்றும் அருணந்தி சிவாசாரியர் அருளிச்செய்து, தக்கன் வேள்வியையும் சண்டீசர் செய்கையையும் எடுத்துக்காட்டுவர். மூர்க்க நாயனார் செய்கையும் இவ்விதியின்பாற்படும் என்பது தெளிவு. ஆனால் இவ்விலக்கு அவர்க்கே உரியது. பலரிடத்துப் பொருள் பெற்று அறம் நடத்துவோர் எவரும் நாயனாரைக் காட்டித் தம் வழியைத் தூயதென்று நாட்டல் ஆகாது. தம்முடையன எல்லாவற்றையும் முன்னரே விற்றுக் கொடுத்தவர் அவர். ஊரார் கொடுத்த காசினைக் கையில் வைத்திருப்பவனோ இன்னும் தன்னுடையதில் ஒன்றையும் விற்றவனல்லன்.

அவரிடத்து நாம் கொள்ளத்தக்கன இரண்டு உள. பொருளைத் தம் கையால் தீண்டாமை ஒன்று. கடைப்பந்தியில் உண்டமை ஒன்று. வருவாய் ஒருவர் கையிலும் சமையல் வேறொருவர் கையிலும் நிற்க, நடத்துபவர் எஞ்சியதை உண்டு எழுகின்றார். பின்னாளில் தோன்றிய பொதுவறச்சாலைகள் பெரும்பாலும் இக்கட்டளையின் எதிர்மறையினாலேயே கெட்டொழிந்தன என்பதைக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த அனைவரும் அறிவர்.

நாயனார்க்கு ஊரார் துணை கிடைத்திலது எனினும், சோழர் காலத்துத் தமிழகத்தில் அறத்தைப் பலர் கையில் ஒப்புவிக்கும் வழி நன்கு அறியப்பட்டிருந்தது. கோயிற் கல்வெட்டுக்களில் நந்தா விளக்கிற்கு 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்ட செய்தியைப் பலவிடத்துங் காணலாம். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்பர். ஆடுகள் இடையர்பால் ஒப்புவிக்கப்படும். அவை ஈனுங் குட்டிகளால் முதல் குறையாது நிற்கும். இடையர் நாடோறும் அளவிட்ட நெய்யைக் கோயிலுக்கு அளப்பர். கொடுத்தவர் இறந்துபடலாம்; இடையர் மாறலாம்; விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவ்வாறே பொன்னை ஊர்ச்சபையாரிடம் முதலாக வைத்து, அதன் வட்டியாக வரும் நெல்லைக்கொண்டு அடியாரை உண்பித்தலும் வழக்கு. ஒருவர் அன்பு ஓர் ஊரின் பொறுப்பாக மாறும் வழி இதுவே. அரசியல் மாறிச் சபைகள் சிதைந்தபோது இம்முதல்கள் பலவும் மறைந்தன. கல்வெட்டு எஞ்சியது, நெல் எஞ்சவில்லை.

இனி, பலர் கையால் எழுந்த அறச்சாலை ஒன்றினை அணித்தான காலத்திலே காட்டுதல் வேண்டும். திருவேற்காட்டைவிட்டுத் தென்றிசை நோக்கி வடலூர் செல்வோமாக.

இராமலிங்க அடிகள் 1823-ஆம் ஆண்டு மருதூரிற் பிறந்து, இளமைமுதற் சென்னையில் ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்து, திருவொற்றியூர்த் தியாகேசரை நாடோறும் வழிபட்டு வந்தவர் என்பது அனைவரும் அறிந்ததே. பின்னர்ச் சென்னையை நீத்துக் கருங்குழியில் இருந்தகாலை, பசித்தோர்க்கு நிலையாக உணவளிக்கும் சாலையொன்று காண அவர் திருவுளங்கொண்டார். அதற்கு நிலம் வேண்டும். அவரிடத்து நிலமில்லை, விற்றற்கும் ஒன்றுமில்லை. பார்வதிபுரம் எனப்படும் வடலூரினர் நாற்பதின்மர் கூடிக் கையெழுத்திட்டு ஏறக்குறைய 80 காணி நிலத்தை 1867-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதிக்கொடுத்தனர். ஒரு பெருநிலக்கிழார் தனியே வழங்கியிருப்பின் அவர் பெயரே சாலைக்குச் சூட்டப்பட்டிருக்கும். அவர் வழியினர் வழக்கிடவுங்கூடும். நாற்பதின்மர் கொடுத்ததனால் அது எவர் பெயரையும் தாங்காது நின்றது.

அவ்வாண்டு வைகாசித் திங்கள் 11-ஆம் நாள், அஃதாவது மே மாதம் 23-ஆம் நாள், தருமச்சாலை தொடங்கப்பெற்றது. 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உடைய அடுப்பு அமைக்கப்பட்டது. அன்று மூட்டிய தீ இன்றளவும் அணையாது பேணப்பட்டு வருகின்றது. வருவோர்க்கு மூன்று வேளையும் உணவு அளிக்கப்படுகின்றது. கோயிலிலே நந்தா விளக்கு எரிந்தவாறே இங்கு நந்தா அடுப்பு எரிகின்றது. அதற்கு ஆடுகள் நெய் தந்தன. இதற்கு அயலூர்களிலிருந்து நெல்லும் அரிசியும் காய்கறியும் விறகும் வந்தன. ஒருநாள் அரிசி இல்லையாகச் சாலையார் கலங்கினர் என்றும், அயலூரன்பர் ஒருவர் தாமே வண்டிகளில் அரிசி ஏற்றி வந்து சேர்ந்தனர் என்றும் அடிகள் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அதனை அற்புதமாகக் கொள்வோர் கொள்க. அரிசியை விளைத்து, புடைத்து, மூட்டையாகக் கட்டி, மாடு பூட்டி வந்தவர் ஒருவர் உளர் என்பது அற்புதத்தின் உள்ளே அடங்கிய மற்றோர் உண்மை.

1874-ஆம் ஆண்டு தைத்திங்களில் அடிகள் மேட்டுக்குப்பத்தில் தம் திருமாளிகைக் கதவினை அடைத்துக்கொண்டார். தலைவர் மறைந்தபின்பு அவர் நிறுவிய சாலை மறைதல் உலகில் இயல்பாக நிகழ்வது. இங்கு அவ்வாறு நிகழ்ந்திலது. இரண்டாண்டில், 1876-ஆம் ஆண்டு, சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியைப் பற்றிய பெரும்பஞ்சம் தொடங்கி 1878 வரையில் நீடித்தது. மாண்டோர் தொகையைப் பல இலக்கமாகக் கணக்கிடுவர். அக்காலத்தையுங் கடந்து சாலை நின்றது. நாற்பதின்மர் நிலமும் எண்ணிலார் அளித்த அரிசியும் அதன் கால்கள் எனலாம்.

இவ்விடத்து நம் சைவ அன்பர்களுட் சிலர் எழுப்பும் தடையொன்றை மறைத்தல் நேர்மையாகாது. "மூர்க்க நாயனார் அமுதூட்டியது சிவனடியார்களுக்கு. அது மாகேசுர பூசை. வடலூரில் உண்போர் இன்ன சமயத்தினர், இன்ன குலத்தினர் என்ற வரையறை இல்லை. அது உலகவறமேயன்றிச் சிவபுண்ணியம் ஆகாது. இரண்டனையும் ஒருங்கு வைத்து எழுதுதல் தகுமோ?" என்பர். இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுமாறு பணிக்கின்றது. பசித்தோர் அனைவரையும் அவ்வாறு தொழுக என்று அது கூறவில்லை. இராமலிங்க அடிகளும் பிற்காலத்துச் சமயநெறிகளைக் கடந்தவராகத் தம்மைக் கூறிக்கொண்டமையின், அவர் சாலையைச் சித்தாந்தத்தின் வழியே நாட்டுதல் அவர் கருத்துக்கும் ஒவ்வாது எனலாம்.

எனினும் சித்தியாரை மீண்டும் எடுத்து நோக்குக. அவ்விரண்டாஞ் சூத்திரப் பகுதியிலேயே ஆசிரியர் அன்பு, அருள், தவம், தானம், வாய்மை, அடக்கம் முதலியவற்றை எண்ணி, இவையெல்லாம் இறைவன் பணித்த அறங்கள் என்பர். அங்குத் தானம் பெறுவோன் நீறணிந்தவனாதல் வேண்டும் என்னும் வரையறை இல்லை. அதனையடுத்து, அரன் திருவடியை மறந்து செய்யும் அறங்கள் பயனில் செயல்கள் என்றும் வரையறுப்பர். இவ்வரையறை யார்மேற் செல்கின்றது? மறத்தலும் நினைத்தலும் செய்வோன் கொடுப்பவனே. ஆகவே ஆசிரியர் இட்ட நிபந்தனை கொடுப்பவன் உள்ளத்தின்மேலதன்றி உண்பவன் நெற்றியின்மேலதன்று. அடியார்க்கு அளிக்குங்கால் அது மாகேசுர பூசையாம். பிறர்க்கு அளிக்குங்கால் இறைவன் பணியைத் தலைமேற்கொண்டு நடத்தலாம். இரண்டும் ஒன்று என்று யான் கூறவில்லை. இரண்டும் சைவன் செய்தற்குரியனவே என்று கூறுகின்றேன். தாம் உண்ணுமுன் பிறர்க்குச் சிறிதளவேனும் அளித்தலை யாவர்க்கும் இயலும் அறமாகத் திருமூலர் வகுத்ததும் இதற்கு அரண் செய்யும்.

இதற்குக் காட்டாக வேறெவரையும் தேடவேண்டா. சைவத்தின் எல்லையைச் சிறிதும் நெகிழவிடாது காத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். இராமலிங்க அடிகளின் பாடல்களைத் திருமுறைகளோடு ஒப்ப வைத்து ஓதுதல் கூடாதென்று கடுமையாக மறுத்தவரும் அவரே. அப்பூசல் முற்றி, 1869-ஆம் ஆண்டு இருவரும் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கில் எதிரெதிர் நின்றனர். அந்நாவலர், யாழ்ப்பாணத்தில் மழை பொய்த்துப் பஞ்சமும் வாந்திபேதி நோயும் மக்களை வருத்திய 1877-ஆம் ஆண்டிலே, பொதுமக்களிடம் பொருள் தண்டி வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். பசித்து வந்தவர்க்குக் கஞ்சி வார்க்கப்பட்டது. திருவருட்பாவைப் பற்றி உடன்படாத இருவர் பசித்தோரைப் பற்றி மாறுபட்டிலர். இருவரும் மூர்க்க நாயனாரைப்போலத் தம் கைப்பொருளை நம்பித் தொடங்கவில்லை. ஊரார் கையை நம்பித் தொடங்கினர்.

கஞ்சித்தொட்டி என்னும் பெயர் சென்னையார்க்கும் புதிதன்று. 1782-ஆம் ஆண்டை ஒட்டிய பஞ்சத்திலே இராயபுரத்துப் பக்கத்தில் மக்களுக்குக் கஞ்சி வார்த்த இடமே மணியக்காரர் சத்திரமாகிப் பின்னர் அதன் அருகே மருத்துவசாலை வளர்ந்தது. இசுட்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்று முதியோர் வழங்குவது அதுபற்றியே.

இனித் திருவேற்காட்டுக்கு மீள்வோம். தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் 2002-ஆம் ஆண்டு அரசின் அறநிலையத்துறை அன்னதானத் திட்டத்தைத் தொடங்கிற்று. அன்பர்கள் செலுத்தும் நன்கொடையே அதற்கு முதல். ஒருநாட் செலவினை ஒருவர் ஏற்கலாம். நிலைவைப்பாக ஒரு தொகை செலுத்தி, அதன் வட்டியினால் ஆண்டுதோறும் குறித்த நாளில் உணவளிக்கச் செய்யலாம். சோழர்காலத்துப் பொன்முதல் வேறொரு பெயரோடு மீண்டு வந்தது என்க. கருமாரியம்மன் திருக்கோயிலிலும் அன்னதானம் நடைபெறுகின்றது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கூவமும் அடையாறும் பெருகிச் சென்னையையும் புறநகர்களையும் நீர் சூழ்ந்தகாலை, கோயில்களிலும் மண்டபங்களிலும் பள்ளிவாசல்களிலும் கிறித்துவ ஆலயங்களிலும் சமைத்த உணவு பொட்டலங்களாகத் தெருத்தெருவாகச் சென்றதை இப்பகுதியார் மறந்திரார். ஒரு குறை சொல்லவேண்டும். வெள்ளம் வடிந்தபின் அக்கைகளும் வடிந்துபோயின. பெருந்துன்பத்தில் எழும் கொடை எளிது. வாடகை கொடுத்தபின் கையில் ஒன்றும் எஞ்சாத கூலியாளர்க்கும், துணையற்ற முதியோர்க்கும் ஆண்டு முழுவதும் ஒவ்வொரு நாளும் வருகின்ற பசிக்கு விடை கூறுவது அரிது.

நம் இல்லங்களில் பிடியரிசி என்றொரு வழக்கு இருந்தது. உலையில் இடுதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒருபிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவர்; அது நிறைந்தபின் கோயிலுக்கோ மடத்துக்கோ பள்ளிக்கோ செல்லும். ஒருபிடியை 50 கிராம் என்று கொள்வோம். ஆயிரம் வீட்டார் இதனைச் செய்தால் நாளொன்றுக்கு 50 கிலோகிராம் சேரும். ஒருவர்க்கு ஒருவேளைக்கு 150 கிராம் என வைப்பின் நாடோறும் 330-க்கு மேற்பட்டோர் உண்ணலாம். பூவிருந்தவல்லி, அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு ஆகிய ஊர்களில் சைவர் வீடுகள் மட்டுமே ஆயிரத்திற் குறைந்தனவோ? எந்த வீட்டாரும் நிலத்தை விற்க வேண்டுவதில்லை. எவரும் குடந்தைக்குப் போகவேண்டுவதுமில்லை.

மூர்க்க நாயனார் குருபூசை கார்த்திகைத் திங்கள் மூலநாளில் நிகழ்வது. அன்று ஒருநாள் அடியாரை உண்பித்தலோடு நில்லாமல், அந்நாளிலே கலத்தை எடுத்து வைத்து மறுவாண்டு அந்நாள்வரை பிடியரிசி இடத் தொடங்கலாம். அரிசி தண்டுவோர் ஒருசாரார், கணக்கெழுதுவோர் ஒருசாரார், அடுப்பிற்கு நிற்போர் ஒருசாரார் என்று பிரித்துக்கொண்டு, கணக்கினை மாதந்தோறும் கோயில் வாயிலில் எழுதி ஒட்டிவிடல் வேண்டும். மூவகையினரும் பந்தி முழுவதும் எழுந்தபின் இலையிடுக.